நகக்கண் அளவு பிளக்

என் அறையில் விளக்கு எரிகிறது என்று எனக்குச் சொன்னவர், பிறந்ததிலிருந்தே கண் தெரியாத ஒரு பெண்.

எண்பதுகளின் பின்பாதி அது. மலேசியாவில் பந்திங் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் வளர்ந்த நான், ஷா ஆலத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். தொலைக்காட்சிப் பெட்டிக்குள் போகும் கம்பிக் கட்டுகளைச் செய்யும் இடம். தங்கியது கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில், லிஃப்ட் இல்லாத பழைய அடுக்குமாடி ஒன்றின் உச்சித் தளத்தில். தோட்டத்துத் தோழி ஒருத்தி எடுத்திருந்த அறை, அவளுக்குக் கல்யாணமானதும் எனக்கு வந்தது. தொழிற்சாலை பஸ் பெரிய ரோட்டில் நின்று ஏற்றிக்கொள்ளும்.

குடிவந்த முதல் வாரம், பகல் ஷிஃப்டுக்குக் கிளம்பி அறையைப் பூட்டிவிட்டுத் திரும்பினேன். நடைபாதையில் ஒரு சத்தம். விசில் மாதிரி, ஆனால் விசில் இல்லை. மெல்ல உயர்ந்து, சட்டென இறங்கி, மறுபடி உயர்ந்தது. எதிர் அறைக்காரர் கையில் ஒரு சோப்புப் பெட்டியும், அதிலிருந்து கம்பியில் தொங்கும் பேனாக் குழாயும் வைத்துக்கொண்டு நின்றார். பேனாவை என் கதவுக்கு மேலிருந்த காற்றுத் துவாரத்தை நோக்கி நீட்டினார். சத்தம் கீச்சென்று ஏறியது.

"உம்மட அறையில லைட் எரியுது. அணைச்சுப்போட்டுப் போம்," என்றார்.

நான் வந்த தோட்டத்தில் யாரும் யாரையும் 'நீர்' என்று சொல்லிக் கேட்டதில்லை. அதுவே ஒரு புதுமை. அதைவிட, அவருடைய கண்கள் என் மேல் இல்லாமல் என் தோளுக்கு அப்பால் எங்கோ இருந்தன. கதவைத் திறந்து பார்த்தேன். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

அவர் யாழ்ப்பாண வழி வந்த குடும்பம். தாத்தா ரயில்வேயில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்தவராம். இவர் ஒரு அரசாங்க அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர். என்னைவிடச் சில வயது மூத்தவர், அதனால் அக்கா என்று கூப்பிட்டேன். பிரிக்பீல்ட்ஸில் கண் தெரியாதவர்கள் நிறையப் பேர் குடியிருந்தார்கள். வெள்ளைத் தடியோடு ரோட்டைக் கடப்பவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கும் பழகிவிட்டிருந்தது. ஆனால் சால்டரிங் கம்பியைப் பிடித்து ஈயம் உருக்கும் ஒருவரை நான் எதிர்பார்க்கவில்லை. இடது கையில் ஒரு மரக்குச்சியை வைத்து, கம்பிகள் சேரும் சந்தியைத் தொட்டுக்கொண்டு, அந்தக் குச்சியின் ஓரமாகவே சூடான கம்பியை இறக்குவார். ஈயம் உருகும்போது வரும் வாசனை மாறும் இடத்தில் கையை எடுத்துவிடுவார். சந்திகள் எங்கள் தொழிற்சாலையில் செய்வதைவிட மோசமாக இல்லை. பார்த்தேன், அதனால் சொல்கிறேன்.

அந்த சோப்புப் பெட்டி அவரே செய்தது. பேனாக் குழாயின் முனையில் வெளிச்சத்தை உணரும் சிறு வில்லை. வெளிச்சம் கூடினால் சத்தம் உயரும், குறைந்தால் தாழும். பேனாவைக் கழற்றிவிட்டு வேறொரு முனையை மாட்டலாம். அதில் இரண்டு செப்புக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் கோப்பையின் விளிம்பில் மாட்டிக்கொண்டு தேநீர் ஊற்றினால், நிறையும்போது கூவும். கைவிரலை விட்டுப் பார்த்துச் சுட்டுக்கொள்ள வேண்டியதில்லை. இப்படி முனைகளை மாற்றி மாற்றி மாட்டுவதற்காகப் பெட்டிக்குள் மூன்று ஊசி உள்ள ஒரு சாக்கெட்டும், கம்பியின் நுனியில் அதற்குச் சேரும் வெள்ளை பிளக்கும் வைத்திருந்தார். பழைய கேசட் ரேடியோ ஒன்றிலிருந்து எடுத்தது. சுண்டுவிரல் நகத்தைவிடப் பெரிதில்லை.

நான் குடிவந்த மூன்றாவது வருடம் ஒரு சூரிய கிரகணம் வந்தது. காலையிலேயே பிடிக்கும், இங்கே முழுதாக மறையாது, ஆனால் பெரும்பகுதி மறையும் என்று ரேடியோவில் சொன்னார்கள். அக்கா அந்தச் செய்தியைக் கேட்டதிலிருந்து வேறு பேச்சில்லை. ஊரில் எல்லோரும் பார்க்கப்போகிற ஒன்றைத் தான் கேட்கப்போவதாகச் சொன்னார். அதைச் சொன்ன வாரத்திலேயே பெட்டி மேசையிலிருந்து விழுந்தது. பெட்டி பிழைத்துக்கொண்டது. வெள்ளை பிளக் நெடுக்காக விரிந்துவிட்டது. ரப்பர் வளையம் போட்டுக் கட்டிப் பார்த்தோம். சத்தம் கரகரத்து, விட்டுவிட்டு வந்தது. கம்பியைத் தொட்டால் நின்றது.

சாக்கெட்டையும் சேர்த்து மாற்றிவிடலாமே என்றேன். அதைச் சுற்றியிருந்த செப்புப் பட்டை ஏற்கெனவே ஒருமுறை உரிந்து ஒட்டவைத்ததாம். இன்னொரு தடவை சூடு காட்டினால் சர்க்யூட் பலகையோடு போய்விடும் என்றார். ஆக, சாக்கெட் இருக்கும். அதற்கு அப்படியே பொருந்துகிற பிளக் மட்டும் வேண்டும். இவ்வளவு சின்ன சாமானுக்கு இவ்வளவு தேட வேண்டியிருக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது.

ஒரு சனிக்கிழமை இருவரும் பாசார் ரோட்டுக்குப் போனோம். ரேடியோ சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு அது. ஒவ்வொரு கடையிலும் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். நான் அதுவரை அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. பேரங்காடியில் மணிக்கணக்கில் சுற்றியிருக்கிறேன், ஆனால் விளக்குப் புள்ளியும் வண்டு மாதிரி கறுப்புச் சில்லுகளும் வரிவரியாய் நிறம் பூசிய குச்சிகளும் அப்படிக் குவிந்து கிடந்ததைப் பார்த்தபோது, கோயில் கடைத்தெருவில் வளையல் கடை முன் நிற்கும் பிள்ளை மாதிரி ஆகிவிட்டேன். கனெக்டர் மட்டுமே ஒரு சுவர். வாழைப்பழ பிளக், வட்ட பிளக், கம்ப்யூட்டர் பின்னால் மாட்டும் பல வரிசை பிளக், கார் ரேடியோவுக்கு, ஒலிபெருக்கிக்கு. உலகத்தில் கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே இத்தனை விதமான கைகுலுக்கல்கள் இருக்கின்றன என்று யார் நினைத்திருப்பார்கள்.

கடைக்காரர் எங்கள் சோப்புப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, ஓர் இழுப்பறையை அப்படியே உருவி மேசையில் வைத்தார். சாக்கெட்டும் பிளக்கும் ஜோடி ஜோடியாக, எல்லாம் வெள்ளை, எல்லாம் மூன்று ஊசி. "சாமா, சாமா," என்றார் மலாயில், எல்லாம் ஒன்றுதான் என்று. என் கண்ணுக்கும் ஒன்றாகத்தான் தெரிந்தது.

அக்கா ஒரு சாக்கெட்டை எடுத்து அதன் ஊசிகளின் மேல் சுட்டுவிரலை ஒருமுறை ஓட்டினார். "இது நெருக்கம்," என்று தள்ளி வைத்தார். அடுத்தது. "இது அகலம்." அடுத்தது. விரல் அதில் நின்றது. "இது எங்கட அளவு." ஒவ்வொன்றுக்கும் ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை. என் கைப்பையில் வேலைக்குப் பயன்படுத்தும் இரும்பு அளவுகோல் இருந்தது. சந்தேகத்தில் இல்லை, ஆச்சரியத்தில்தான் எடுத்து வைத்துப் பார்த்தேன். முதலாவதில் ஊசிக்கு ஊசி இரண்டு மில்லிமீட்டர். இரண்டாவதில் கிட்டத்தட்ட நான்கு. அவர் நிறுத்தியதில் இரண்டரை.

எப்படிக்கா தெரியுது என்று கேட்டேன்.

"இரண்டரைதானே எங்கட எழுத்து," என்றார். "புள்ளிக்கும் புள்ளிக்கும் அவ்வளவுதான் இடைவெளி. மூண்டு புள்ளி ஒண்டுக்குக் கீழ ஒண்டு வந்தால் அது 'ல'. இந்த சாக்கெட்டில 'ல' எண்டு எழுதியிருக்குது."

சின்ன வயதிலிருந்து காகிதத்தில் தடவித் தடவிப் படித்த பிரெயில் எழுத்தின் இடைவெளியும், எங்கேயோ ஜப்பானில் ஒருவர் கம்பி மாட்டுவதற்காக வகுத்த இடைவெளியும் ஒன்றாக இருந்தன. யாரும் பேசிவைத்துக்கொண்டு செய்ததில்லை. நான் அந்த சாக்கெட்டை வாங்கி என் விரலால் தடவினேன். மூன்று முனைகள் குத்தின, அவ்வளவுதான். அவருக்கு அதுவே ஓர் எழுத்து. கடைக்காரரிடம் அதை மலாயில் சொல்ல முயன்றேன், பாதிதான் சொல்ல வந்தது. அவர் புரிந்துகொண்டு, இன்னும் இரண்டு இழுப்பறைகளை உருவி அக்காவின் கை எட்டும் இடத்தில் வைத்துவிட்டு, வேறு வாடிக்கையாளரைக் கவனிக்கப் போனார்.

அளவு பொருந்தியும் பிளக் பொருந்தவில்லை என்பதுதான் அடுத்த சங்கடம். அந்த பிளக்குகள் தலைகீழாக மாட்டாமலிருக்க முதுகில் இரண்டு மெல்லிய வரம்புகள் வைத்திருப்பார்கள். எங்கள் சாக்கெட்டில் அந்த வரம்புகளுக்கான பள்ளம் ஓரங்களில் இருந்தது. கடையில் இருந்தவற்றுக்கு நடுவில். இன்னும் சில கடைகள் ஏறி இறங்கினோம். கடைசிக் கடையில் இருந்த பெண்மணி அதைக் கையில் வாங்கிப் பார்த்ததுமே சொல்லிவிட்டார், இந்த வகை தொழிற்சாலைக்கு மட்டும்தான் போகும், மொத்தமாகப் பெட்டி பெட்டியாக வரும், சில்லறையில் யாரும் விற்கமாட்டார்கள் என்று.

வீடு திரும்பும் பஸ்ஸில் நான் சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தேன். அக்கா சோரவில்லை. ஏதோ யோசித்தவர், நாள் முழுக்க என் கை என்ன வேலை செய்கிறது என்று கேட்டார். சொன்னேன். கம்பி நுனியில் மெஷின் ஏற்கெனவே கடித்து மூடிவிட்ட உலோக முனை இருக்கும். அதை வெள்ளை பிளக் கூட்டின் ஓட்டைக்குள் தள்ளி, கட்டைவிரலால் அழுத்தி, லேசாக இழுத்துப் பார்த்து, அடுத்த ஓட்டைக்குப் போகவேண்டும். ஒன்பது ஓட்டை, ஒன்பது கம்பி. வரிசை தவறக்கூடாது. நிறத்தைப் பார்த்துச் செய்வோம்.

அவர் விரிந்துபோன பிளக்கை என் உள்ளங்கையில் வைத்தார். "கண்ணை மூடும். நிறத்தை விடும். கட்டைவிரல் என்ன சொல்லுது?"

பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டேன். கட்டைவிரலை அதன் முதுகில் வைத்தேன். இரண்டு வரம்புகள், ஓரங்களில். என் விரலில் காய்த்துப் போயிருந்த இரண்டு கோடுகள் அவற்றின் மேல் போய் அப்படியே உட்கார்ந்தன. சாவி பூட்டில் விழுந்த மாதிரி இருந்தது. ஷிஃப்ட் முடிந்து கையைக் கழுவும்போது தினமும் பார்க்கும் கோடுகள்தான் அவை. எதனால் வந்தவை என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

"அக்கா, இது எங்க லைன்ல ஓடுறதுலா," என்றேன். "எங்களுக்கு ஒம்பது ஓட்டை, பக்கத்து லைன்ல மூணு."

அவர் சிரித்தார்.

திங்கட்கிழமை எங்கள் லைன் லீடரிடம் கேட்டேன். மலாய்க்காரப் பெண், நல்ல மாதிரி. தொழிற்சாலையிலிருந்து ஒரு துண்டுக் கம்பிகூட வெளியே போகக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், அதனால் தயங்கித்தான் கேட்டேன். கொடுக்க முடியாது என்று அவரும் சொன்னார். ஆனால் கொஞ்சம் யோசித்துவிட்டு, கழித்துப்போட்டதும் மிஞ்சினதும் சாக்குச் சாக்காகக் கிள்ளானில் ஒரு பழைய சாமான் வியாபாரிக்குப் போகிறது, அங்கே போய் வாங்கினால் யாரும் எதுவும் சொல்லமுடியாது என்று கடையின் அடையாளத்தையும் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்கு பஸ் ஏறினோம். நகரத்தில் இறங்கி, மேரு போகிற ரோட்டில் இன்னொரு பஸ். கடை என்று சொல்வதைவிடத் தகரக் கொட்டகை என்பதே சரி. வாசலில் பழைய மோட்டார்களும் குளிர்சாதனப் பெட்டிகளும். உள்ளே, கூரை வரைக்கும் சாக்குகள். முதலாளி ஒரு சீனர், பனியனும் கால்சட்டையுமாக இருந்தார். நான் மலாயில் ஆரம்பித்ததும் அவர் தமிழில் பதில் சொன்னார். தோட்டத்துக் கடைவீதியில் வளர்ந்தவராம். எங்கள் அப்பாக்கள் பேசுகிற அதே தமிழ்.

எங்களுக்கு வேண்டியதைச் சொன்னோம். அவர் மூன்று சாக்குகளைக் காட்டினார். எது எதில் இருக்கிறது என்று தனக்கே தெரியாது, எல்லாம் கலந்து கிடக்கிறது, தேடி எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். ஒரு சாக்கின் வாயை அவிழ்த்தேன். உள்ளே அரிசி மாதிரி கனெக்டர்கள். இரண்டு ஓட்டை, ஐந்து ஓட்டை, பன்னிரண்டு ஓட்டை, வெள்ளை, பழுப்பு, சிவப்பு. என் கண் அப்படியே திகைத்து நின்றுவிட்டது. ஒன்றைப் பார்த்தால் பக்கத்திலிருப்பதும் அதே மாதிரி, அதற்கடுத்ததும் அதே மாதிரி.

அக்கா முதலில் கை கழுவத் தண்ணீர் கேட்டார். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் விரலுக்குத் தெரியாது என்றார். முதலாளி ஒரு கெட்டிலில் தண்ணீர் கொண்டுவந்து அவரே ஊற்றினார். துடைத்துக்கொண்டு, அக்கா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, வலது கையை மணிக்கட்டு முங்கும்வரை சாக்குக்குள் விட்டார்.

"பாத்து தங்கச்சி, கூர் இருக்கும்," என்றார் முதலாளி.

அக்கா தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டார். கை வெளியே வரவேயில்லை. சாக்குக்குள் ஏதோ ஒரு மெல்லிய சலசலப்பு மட்டும் கேட்டது, மழைக்கு முன் மரத்தில் கேட்பது மாதிரி. நான் கனெக்டர்களைக் கைநிறைய அள்ளி வெளிச்சத்தில் வைத்துப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் அள்ளவில்லை. அவை இருந்த இடத்திலேயே அவற்றைப் படித்துக்கொண்டிருந்தார். சிறிது நேரத்தில் கை வெளியே வந்தது. விரல்களுக்கு நடுவே மூன்று ஓட்டை பிளக் ஒன்று. அதை மடியில் போட்டுவிட்டு மறுபடி கை உள்ளே போனது.

ஊசி என்றால் மேடு, தடவலாம். இது ஓட்டையாயிற்றே, எப்படிப் படிக்கிறீர்கள் என்று கேட்டேன். கையை நிறுத்தாமலே சொன்னார்.

"நாங்கள் எழுதேக்க காகிதத்தில குத்தித்தான் எழுதுறது. குத்துற பக்கம் குழி, திருப்பினால் மேடு. எழுதுற பக்கமும் எனக்குத் தெரியும்."

முதலாளி போகவில்லை. ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரத்தில் எழுந்து போய்க் கொட்டகைக்குப் பின்னால் செப்பு உரித்துக்கொண்டிருந்த இரண்டு ஆட்களையும் கூப்பிட்டுவந்தார். நான்கு பேரும் ஒரு சாக்கையும் அதற்குள் மறைந்திருந்த ஒரு கையையும் பார்த்துக்கொண்டிருந்தோம். தைப்பூசத்தன்று பத்துமலையில் கூட்டத்துக்குள் நின்றிருக்கிறேன். அங்கே வரும் அமைதி வேறு. இது ஒரு தகரக் கொட்டகையில், ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பழைய இரும்பு வாசனைக்கு நடுவில் வந்த அமைதி. ஆனால் எனக்கு அப்போது செருப்பைக் கழற்றிவிட்டு நிற்க வேண்டும் போல இருந்தது.

எழுந்தபோது அவர் மடியில் ஒரு குவியல் சேர்ந்திருந்தது. பெட்டியை எடுத்து, அதில் ஒன்றை எங்கள் சாக்கெட்டில் வைத்து அழுத்திப் பார்த்தார். போய் உட்கார்ந்தது. அடுத்ததும் உட்கார்ந்தது. அதற்குமேல் அவர் சோதிக்கவில்லை. நான் பிறகு வீட்டில் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தேன். எதுவுமே தவறவில்லை. உலோக முனைகள் அறுபடாமல் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு சுருளையும் முதலாளி எங்கிருந்தோ தேடிக் கொண்டுவந்து பையில் போட்டார். எல்லாவற்றையும் நிறுத்துத் தந்தார். தராசு முள் அசைந்ததாகவே எனக்குத் தெரியவில்லை.

மீதி வேலை என்னுடையது. தொழிற்சாலையில் அந்த முனைகளை மெஷின் ஒரே அடியில் கடித்து மூடிவிடும். இங்கே சின்னக் குறடுதான். உலோக முனையில் இரண்டு ஜோடி இறக்கைகள் இருக்கும். முன் ஜோடி செப்பைப் பிடிக்க வேண்டும், பின் ஜோடி கம்பியின் ரப்பர் தோலைப் பிடிக்க வேண்டும். மாறிப்போனால் கம்பி நிற்கும், கரண்ட் போகாது. பூதக்கண்ணாடிக்குக் கீழே நூற்றுக்கணக்கில் பார்த்திருந்ததால் எங்கே மடிய வேண்டும், எவ்வளவு மடிய வேண்டும் என்று தெரிந்திருந்தது. முதல் இரண்டும் நசுங்கிப்போயின. மூன்றாவது சரியாக வந்தது. அதை வெள்ளைக் கூட்டின் ஓட்டைக்குள் தள்ளினேன்.

டிக் என்றது.

நான் கையை எடுத்துவிட்டேன். ஏதாவது உடைந்துவிட்டதா என்று அக்கா கேட்டார். இல்லை என்றேன். அந்த வேலையில் சேர்ந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. தொழிற்சாலையின் இரைச்சலில் அதற்கு ஒரு சத்தம் உண்டு என்பதே எனக்குத் தெரியாது. உலோக முனையின் நாக்கு கூட்டுக்குள் இருக்கும் படியில் ஏறி விழும் சத்தம் அது. மற்ற இரண்டையும் தள்ளும்போது மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டேன்.

கிரகண நாள் வந்தது. எனக்கு அன்று மாலை ஷிஃப்ட். அக்கா காலை வேலைக்குத் தாமதமாக வருவதாக அனுமதி வாங்கியிருந்தார். முந்தின நாள் தோட்டத்துக் கடையிலிருந்து அம்மா போன் செய்து, வெளியே போகாதே, எதையும் சாப்பிட்டு வைக்காதே என்று சொல்லியிருந்தார். சாப்பிடாமல் இருப்பதாக மட்டும் ஒப்புக்கொண்டேன். எங்கள் தளத்தின் கோடி வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருவர் இருந்தார். அவர்கள் ஜன்னல் திரைகளையெல்லாம் ஊக்கு குத்தி மூடி, கதவிடுக்கில் துணி வைத்து அடைத்திருந்தார்கள்.

எங்கள் நடைபாதை கிழக்கே பார்த்தது. அக்கா பெட்டியில் எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு சின்ன ஒலிபெருக்கியை மாட்டியிருந்தார். நேர் வெயிலில் சத்தம் உச்சியில் முட்டி நின்றுவிடும் என்பதால், பேனாவின் முனையில் பழைய எக்ஸ்ரே படத் துண்டை மடித்துக் கட்டியிருந்தார். சூரியன் கட்டடங்களுக்கு மேலே வந்ததும் பேனாவைக் கைப்பிடிச் சுவரில் களிமண்ணால் நிறுத்தினார். சத்தம் உயரத் தொடங்கியது. தினமும் விடியும்போது அது அப்படித்தான் ஏறும், அதைக் கேட்டிருக்கிறேன் என்றார். நாங்கள் யாருமே விடிவதைக் கேட்டதில்லை. மற்ற வீட்டுக்காரர்களும் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள்.

பிறகு ஏறிக்கொண்டே இருந்த சத்தம் ஓரிடத்தில் தயங்கியது. அக்காவின் கை என் முழங்கையைப் பிடித்தது. சத்தம் இறங்க ஆரம்பித்தது.

கண்ணால் பார்த்தால் அந்த நேரத்தில் எதுவுமே மாறவில்லை. வெயில் வெயிலாகத்தான் இருந்தது. காதுக்கு மட்டும் தெரிந்தது, ஏதோ ஒன்று போய்க்கொண்டிருக்கிறது என்று. நெடுநேரம் கழித்துத்தான் எங்கள் கண்ணுக்கு வந்தது: சுவரின் வெள்ளை சாம்பலாகியது, நிழல்கள் கத்தியால் வெட்டியது போலக் கூர்மையாயின, மைனாக்கள் அடங்கின. சத்தம் கீழே, இன்னும் கீழே போய், நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுவது மாதிரி ஒரு தாழ்ந்த முனகலாக நின்றது. ஒருமுறைகூடக் கரகரக்கவில்லை. நாங்கள் எல்லோரும் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றோம். பார்த்தால் கண் போய்விடும் என்று எல்லோருக்கும் பயம். அக்கா ஒருவர்தான் அதற்கு நேரே முகத்தை நிமிர்த்தி நின்றார்.

"நெத்தியில சூடு குறைஞ்சிட்டுது," என்றார் மெதுவாக. பிறகு, "உமக்கு எப்பிடி இருக்குது?"

சொல்லத் தெரியாமல் சுற்றிலும் பார்த்தேன். கீழே நின்ற அங்சானா மரத்தின் உச்சிக் கிளைகள் எங்கள் சுவரில் நிழலைப் போட்டிருந்தன. அந்த இலைகளின் இடுக்குகள் வழியே விழுந்த வெளிச்சப் பொட்டுகள் எல்லாமே பிறைகளாக மாறியிருந்தன. வழக்கமாக வட்டமாக விழுபவை. சுவர் முழுக்கச் சின்னச் சின்னப் பிறைகள், எல்லாம் ஒரே பக்கம் வளைந்து, காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. அவருடைய சுட்டுவிரலைப் பிடித்து சுவரில் வைத்து, ஒரு பிறையின் விளிம்பு நெடுக ஓட்டினேன். பிறகு பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று.

"எத்தனை கிடக்குது?"

"சுவர் பூரா, அக்கா. எண்ண முடியாது."

அவர் விரலை எடுக்கவில்லை. அந்த சாம்பல் வெளிச்சத்தில், தாழ்ந்த முனகல் கேட்டுக்கொண்டிருக்க, பிறைகளின் மேல் என் கை பிடித்த அவர் கை போய்க்கொண்டிருந்தது. பெரிய கை ஏதோ ஒன்று எங்கள் எல்லோரின் தலைமேலும் வைக்கப்பட்டிருப்பது போல இருந்தது எனக்கு. கோடி வீட்டுக் கதவுக்குப் பின்னாலிருந்து அந்தக் கர்ப்பிணிப் பெண்ணின் குரல் மட்டும் வந்தது. ஒலிபெருக்கியைக் கொஞ்சம் தன் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லிக் கேட்டார். திருப்பி வைத்தோம். சத்தம் மறுபடி ஏறத் தொடங்கியபோது, அடைத்த கதவுக்குப் பின்னால் அவரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு நடந்தது பிரிக்பீல்ட்ஸ் முழுக்கப் பரவிவிட்டது. அந்தப் பெட்டி தங்களுக்கும் வேண்டும் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். கிள்ளான் பையில் பிளக்குகள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா சால்டரிங் செய்வார், நான் முனைகளை மடித்துத் தள்ளுவேன். சோப்புப் பெட்டிகள் தீர்ந்துபோய் மிட்டாய் டப்பாக்களிலும் செய்தோம்.

முதலில் வாங்கிப் போனவர்கள் இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்த ஒரு தம்பதி. இருவருக்கும் கண் தெரியாது. அவர்களுடைய கைக்குழந்தைக்குத் தெரியும். அந்தப் பிள்ளை இரவில் தூங்காமல் படுத்துவதாகவும், டாக்டரிடம் காட்டியும் குணமில்லை என்றும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெட்டியை எடுத்துப் போனவர்கள் அடுத்த வாரம் மூவருமாகத் திரும்பி வந்தார்கள். அவர்கள் அறையின் விளக்குக்குச் சுவிட்ச் கிடையாது. ஒரு கயிறுதான், இழுத்தால் எரியும், மறுபடி இழுத்தால் அணையும். எரிகிறதா அணைந்திருக்கிறதா என்று கயிற்றைத் தொட்டுத் தெரியாது. பெட்டியைக் கொண்டுபோய் நீட்டியதும் அது கீச்சென்று கத்தியிருக்கிறது. எத்தனை மாதமாக எரிந்ததோ தெரியவில்லை என்று அந்தத் தாய் சொன்னார். கயிற்றை ஒருமுறை இழுத்தார்களாம். பிள்ளை அன்றிரவே தூங்கிவிட்டது.

அக்கா அதைக் கேட்டுவிட்டுப் பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டார். அது அவர் கையிலிருந்த பேனாக் குழாயைப் பிடித்து வாயில் வைக்கப் பார்த்தது. அதன் சின்ன உள்ளங்கை மூடியதும் பெட்டியின் சத்தம் இறங்கியது, திறந்ததும் ஏறியது. பிள்ளைக்கு அது பிடித்துவிட்டது. மூடி மூடித் திறந்துகொண்டே இருந்தது.